பங்குனி ஆமைக்குப் பிரசவம் பார்க்கிறவர்கள்

வேலப்பன்சாவடியில் குடியிருப்பவர்களிடம் போய், "உங்களுக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓயாமல் ஓடும் லாரிகளின் இரைச்சல்தான் அவர்களுக்கு அலையோசை. கடற்கரைக்குப் போவதென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் சுண்டல், திரும்பி வருகையில் தூங்கிப் போன குழந்தையைத் தோளில் சுமப்பது, அவ்வளவுதான்.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. திருவேற்காட்டை ஒட்டிக் கொண்டு போகிறதே கூவம், அதுதான் சம்பந்தம். உடனே மூக்கைப் பிடித்துக் கொள்ளாதீர்கள்! அந்தக் கூவம் ஊரையெல்லாம் சுற்றிக் கொண்டு போய் நேப்பியர் பாலத்தண்டை கடலில் விழுகிறது. அங்கிருந்து தெற்கே நீலாங்கரை வரையுள்ள மணலுக்கு, வருஷா வருஷம் தை பிறந்ததும் ஒரு விருந்தாளி வருகிறாள். பிரசவத்துக்காக வருகிறாள். அதுவும் தாய்வீட்டுப் பிரசவம்!

அவள் பெயர் பங்குனி ஆமை. இங்கிலீஷில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். பங்குனி வரையில் கரைக்கு வந்து முட்டையிடுவதால் நம் மீனவர்கள் வைத்த பெயர் இது. எனக்கென்னவோ இதுதான் பொருத்தமாகப் படுகிறது. பெண்ணுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இந்த ஆமைக்கோ எல்லாப் பிரசவமும் தாய்வீட்டில்தான். எந்தக் கரையோரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்தாளோ, பத்துப் பதினைந்து வருஷம் கடல் கடலாகச் சுற்றிவிட்டு, பெரியவளானதும் அந்தக் கரையைத் தேடிக் கொண்டே திரும்பி வருகிறாள். வழி எப்படித் தெரிகிறது? பூமிக்கு இருக்கும் காந்த சக்தியை உணரும் திறன் அவளுக்கு உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். நமக்கு மாம்பலத்தில் ஒரு தெரு திரும்பினால் விலாசம் மறந்து போகிறது!

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று பழமொழி சொல்லி வைத்திருக்கிறோம். பாவம், எந்த ஆமை நம் வீட்டுக்குள் புகுந்தது? நாம்தான் அதன் வீட்டுக்குள் புகுந்திருக்கிறோம்.

நடு ராத்திரி. அலை தள்ளிவிட்ட மாதிரி ஓர் உருவம் மணலில் ஏறுகிறது. தண்ணீரில் பறவை போலப் பறக்கிற பிராணிக்கு மணலில் ஒவ்வோர் அடியும் யமகண்டம். பெருமூச்சு விட்டு விட்டு நகர்ந்து, ஈரம் எட்டாத மேட்டுக்கு வந்ததும் பின் துடுப்புகளால் குழி தோண்டத் தொடங்குகிறாள். வலது துடுப்பு ஒரு கை மணலை அள்ளும், இடது துடுப்பு ஒரு கை மணலை அள்ளும். கரண்டியால் மாவை அள்ளி வைப்பது போல அத்தனை பதவிசு. ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற ஒரு குடம் போலக் குழி தயாராகிறது. அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள். பிங்பாங் பந்து அளவில், தோல் போன்ற மிருதுவான ஓடு. பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்புறமும் அப்புறமும் ஆட்டித் தொம் தொம் என்று தட்டிக் கெட்டிப்படுத்துகிறாள். அப்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனை என்று நினைத்துப் பார்க்கிறவர்களும் கண் கலங்குவார்கள். உண்மையில் உடம்பில் சேர்ந்த அதிகப்படி உப்பை அவள் அப்படித்தான் வெளியேற்றுகிறாள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறாள்.

அப்பா எங்கே என்று கேட்பீர்கள். அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. ஆமை மணலில் புதைத்த முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் வரை அதன் கணவன் காத்திருப்பதாக அதில் வருகிறது. முட்டை புதைக்கிற விஷயத்தைக் கண்ணால் பார்த்தது போல எழுதியிருக்கிற புலவர், கணவன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார். ஆண் ஆமை பிறந்த அன்று கடலில் இறங்கினால் இறங்கியதுதான்; கரைப் பக்கம் தலை காட்டுவதே இல்லை!

ஆக, அம்மா போய்விட்டாள், அப்பா வரப் போவதில்லை. முட்டைகளுக்கு யார் காவல்? தெரு நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டும். காக்கைகள் காத்திருக்கும். ஒரு காலத்தில் மனிதர்களும் கூடையோடு வந்து அள்ளிப் போய் விற்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் இதைக் கண்டு பொறுக்காமல் கிளம்பியவர்கள் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர். பண்ணையை ஏற்படுத்திய ராமுலஸ் விடேகரும் அவர் நண்பர்களும் இரவெல்லாம் கடலோரம் நடந்து, முட்டைகளை எடுத்து வந்து பத்திரமான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள்.

அந்தக் கோஷ்டியில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் படிக்க வந்தவர். படிப்பை விடக் கடல்தான் அவரை அதிகம் இழுத்தது. இந்தியாவின் கடற்கரைகளைக் கால்நடையாகவே அளந்து, எந்தெந்த ஆமை எங்கெங்கே முட்டையிடுகிறது என்று குறித்து வைத்த மனிதர் அவர். 1982-ல் பேராமைகளைப் பற்றி ஆராய லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவுக்குப் போனார். மழைக்காலம் தொடங்கிவிட்டால் படகு வராது. அது தெரிந்தேதான் தனியாக இறங்கினார். வீட்டிலோ மனைவியும் கைக்குழந்தையும்! தபால் ஏது, தந்தி ஏது? மனைவிக்குக் கடிதம் எழுதி ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடிக் கடலில் எறிந்தார். அது மிதந்து மிதந்து சில வாரங்களில் இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் சேர்க்க, கடிதம் உரியவரிடமே வந்து சேர்ந்தது. தொடர்கதையில் இப்படி ஒரு கட்டம் வைத்தால், ஆசிரியர் கதை விடுகிறார் என்று நீங்களே கடிதம் போடுவீர்கள். சதீஷ் பாஸ்கர் 2023-ல் காலமானார். அந்த மழைக்காலத்தை அந்தப் பெண்மணி எப்படிக் கழித்திருப்பார் என்றுதான் நான் அடிக்கடி நினைத்துக் கொள்கிறேன்.

பாம்புப் பண்ணைக்காரர்களுக்குப் பிறகு சில வருஷங்கள் வன இலாகா இந்த வேலையைப் பார்த்தது. 1988-ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்று சொல்லப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புச் சங்கம். தொடங்கியவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். சங்கம் மட்டும் இன்னும் மாணவர் சங்கம்தான். முட்டையிடும் பருவத்தில் தினந்தோறும் இரவில் நடக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மணலில் டிராக்டர் போன தடம் மாதிரி ஒரு கோலம் தெரிந்தால், அது ஆமை வந்து போன சுவடு. அது முடியும் இடத்தில் ஒரு கம்பால் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, மணல் இளகும் இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் தோண்டி முட்டைகளைத் துணிப்பையில் எடுக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நேரமானால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக் கொண்டுவிடும். அப்புறம் முட்டையைப் புரட்டினாலே உயிர் போய்விடும்.

வேலி போட்ட பொரிப்பகத்தில், அம்மா தோண்டிய அதே ஆழத்தில், அதே குடத்தின் வடிவில் குழி தோண்டிப் புதைத்துத் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

இதில் ஒரு விசித்திரம். பிள்ளையா பெண்ணா என்பது கருவில் தீர்மானமாவதில்லை. மணலின் சூட்டில் தீர்மானமாகிறது. மணல் குளிர்ச்சியாக இருந்தால் பிள்ளைகள், சூடாக இருந்தால் பெண்கள். "பெண் பெற்றாளே" என்று மாமியார் எவரும் அந்த ஆமையைக் குற்றம் சொல்ல முடியாது, வெயிலைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் விஷயம் வேடிக்கையோடு நிற்கவில்லை. உலகம் முழுவதும் சூடு ஏறிக் கொண்டே போனால் பெண்கள் மட்டுமே பிறப்பார்கள். இன்னும் ஏறினால் முட்டை வெந்தே போய்விடும். வெயில் ஏறும் நாட்களில் பொரிப்பகத்துக்கு மேலே நிழல் கட்டுவது இதனால்தான்.

குஞ்சுகளுக்கு அடுத்த கண்டம் விளக்கு. இருட்டில் கடல் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும், அதை நோக்கி ஓடு என்று இயற்கை அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நம் சென்னையிலோ கடலை விடக் கரைதான் ஜொலிக்கிறது! குஞ்சு தெரு விளக்கை நம்பி ரோட்டுக்குப் போய்ச் சக்கரத்தில் மாட்டிக் கொள்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பால்கன் பிரதேசத்தின் தென்கோடியில் இருக்கும் கிரீஸ் தேசத்தில் ஜாகிந்தோஸ் என்று ஒரு தீவு. உல்லாசப் பிரயாணிகள் குவிகிற அதன் மணலில்தான் பெருந்தலை ஆமை முட்டையிடுகிறது. 1983-ல் தொடங்கிய ஆர்கெலான் என்ற சங்கத்தார் அங்கே இதே வேலையைச் செய்கிறார்கள். கூடுகளுக்குக் கம்பி மூடி போடுவது, குஞ்சுகளை எண்ணுவது, நாற்காலி போட்டு வெயில் காய்கிறவர்களிடம் கெஞ்சுவது! 1999-ல் அந்தக் கடற்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ஏதென்ஸ் பக்கத்தில் அடிபட்ட ஆமைகளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றும் நடத்துகிறார்கள், பழைய ரயில் பெட்டிகளுக்குள்ளே.

ஆனால் எத்தனை முட்டையைக் காப்பாற்றினாலும் தாயே போய்விட்டால் என்ன செய்வது? 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பலவும் பிரசவத்துக்கு வந்தவர்கள். விடியற்காலையில் கடற்கரைக்குப் போன மனிதர்கள் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். ஆமை மீனல்ல, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டும. இழுவைப் படகின் வலையில் சிக்கி வெகுநேரம் தண்ணீருக்குள்ளே இழுபட்டால் மூச்சு முட்டிச் செத்துப் போகும். கடலில் வாழும் பிராணி கடலிலேயே மூழ்கிச் சாவதை விடக் கொடுமை உண்டா?

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வலையில் ஒரு கம்பித் தடுப்பும் பக்கத்தில் ஒரு திறப்பும் வைத்தால் மீன் உள்ளே போகும், ஆமை வெளியே வந்துவிடும். அந்தச் சாதனமும் இருக்கிறது. கொஞ்சம் மீனும் வெளியே போய்விடுகிறதே, டீசல் செலவுக்கு யார் பதில் சொல்வது என்கிறார்கள் படகுக்காரர்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆமையோ அதற்கு முன்பே வந்துவிடுகிறாள். மாசி மாதம் மலிவாக இறால் கிடைத்ததென்று நாம் சந்தோஷப்படும்போது, அது எந்த வலையில் வந்தது என்று யார் கேட்கிறோம்? மீனவர்களைப் பகைத்துக் கொண்டு இந்தக் காரியம் நடக்காது என்பதைப் புரிந்து கொண்டவர் சுப்ரஜா தாரிணி என்ற பெண்மணி. நீலாங்கரையில் 2002-ல் ட்ரீ பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, மீனவ குப்பத்து வாலிபர்களையே ஆமைகளுக்குக் காவல்காரர்களாக்கி இருக்கிறார்.

வேலப்பன்சாவடிக்காரர்கள் வலை வீசுவதில்லை. கடலோரத்தில் விளக்கும் போடவில்லை. ஆனால் கூவத்தில் விழுகிற பிளாஸ்டிக் பை மழைத் தண்ணீரோடு நேப்பியர் பாலத்தைத் தாண்டிவிடும். தண்ணீரில் மிதக்கும்போது அது பார்ப்பதற்கு, ஆமை விரும்பித் தின்னும் சொறி மீன் போலவே இருக்குமாம். கறிவேப்பிலை வாங்க ஒரு துணிப்பை கையில் இருந்தால் தாய்வீட்டுக்கு வருகிறவளுக்கு நாம் விஷம் வைக்காமல் இருக்கலாம்.

பார்க்க ஆசையா? ஜனவரி முதல் மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் மாணவர் சங்கத்தார் கூட்டிப் போகிறார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏழு கிலோ மீட்டர். டார்ச் கூடாது, சத்தம் கூடாது, பளிச்சென்று போட்டோ எடுப்பது கூடவே கூடாது. எல்லா ராத்திரியும் ஆமை வந்துவிடாது. வெறும் மணலை மிதித்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் மத்தியானமே ஒரு தூக்கம் போட வைத்துவிடுங்கள். விடியற்காலைக் காற்று ஊதல் காற்று. தலைக்கு ஒரு துணி அவசியம். புடவைக் கொசுவத்தைச் சற்று ஏற்றிச் செருகிக் கொண்டால், மணலில் நடக்கச் சிரமமிருக்காது.