ஈரத்திலேயே கிடக்கும் கை ஏன் காய்கிறது?

செஞ்சிப் பக்கமிருந்து ஒரு கடிதம். கார்த்திகைக்கு அகல் விளக்கு வனைகிறவர். "பொழுதன்னிக்கும் சேற்றுத் தண்ணியில கிடக்கிற கை, சாயங்காலம் காய்ந்து வெடிக்குதே, எப்படிங்க?" விளம்பரத்தில் வருகிற செராமைடு க்ரீம் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். க்ரீம் கிடக்கட்டும், முதல் கேள்வி அருமையானது.

தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் கற்கள். இடுக்கில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் கலந்த காரை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய உங்கள் செஞ்சிக் கோட்டை மாதிரிதான். ஆனால் இந்தக் கல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுனை உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து உண்டாகும் அமினோ அமிலங்களும், கூடவே யூரியாவும் லாக்டேட்டும் அங்கே நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவை எல்லாமே தண்ணீரில் கரைபவை. வினையே அதில்தான்.

கை நெடுநேரம் நனைந்தால் கல் ஊதிப் பருக்கிறது, காரை நெகிழ்கிறது, நீரைப் பிடித்து வைக்கும் சரக்கு கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஈரம் உலர்ந்ததும் கல் சுருங்கி வெடிக்கிறது. தண்ணீரை வைத்திருக்க உதவியதைத் தண்ணீரே கொண்டுபோய்விட்டது! (செஞ்சிக் கருங்கல் தண்ணீர் குடித்து ஊதாது, உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானுக்குக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை ஆயிற்று, உள்ளங்கைக்கு ஒரு மத்தியானம் போதும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு.)

இன்னொரு சங்கடம், உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. புறங்கையில் உண்டு. போதாததற்குக் களிமண்ணின் நுண்துகள்கள் எண்ணெய்ப் பசையை உறிஞ்சுகின்றன. தலைக்கு மண் தேய்த்துக் குளித்த பாட்டிகளுக்கு இது தெரியும். அதன்மேல் சோப்பு வேறு.

இனி எதைத் தடவுவது என்று பார்ப்போம். முதலில் கொஞ்சம் வரலாறு வேண்டுமென்றால்: அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுப் பம்புத் தண்டுகளில் படிந்த மெழுகைத் தொழிலாளிகள் காயத்தில் தடவுவதைப் பார்த்த செஸ்பரோ என்ற வேதியியலாளர், அதைச் சுத்தப்படுத்தி 1872-ல் வாசலின் என்று காப்புரிமை வாங்கினார். அவ்வளவுதான்.

நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அந்தப் பழைய மெழுகை மிஞ்சியது இன்னும் அரிது. தேங்காய் எண்ணெயும் மோசமில்லை. 2004-ல் 34 பேரிடம் நடந்த ஒரு சோதனையில் வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்குச் சமமாக நின்றது. செராமைடு க்ரீம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் டப்பாவுக்கும் சேர்த்துத்தான் விலை.

எதைத் தடவினாலும் எப்போது என்பதுதான் விஷயம். வேலை முடிந்து கை கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் முழுக்கப் போகும் முன் தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைக் கொண்டுவராது, இருப்பதைப் பூட்டிவைக்கும். காய்ந்த கையில் பூசினால் காலி வீட்டுக்குப் பூட்டு. அடியில் கொஞ்சம் கிளிசரின் போட்டால் அது நீரைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் கசிந்தாலோ, அரிப்பு விடாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரவில் வாசலின் தடவி, பழைய பருத்தித் துணி சுற்றிப் படுக்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் செல்போன் அடிக்கும்.