மொறுமொறுப்புக்கு நாங்க கேரன்டி!

ரசம் சாதம் ரெடி. தொட்டுக்க? 'ஊறுகாய் பாக்கெட் இருக்கு மச்சி'ன்னு ரூம்மேட் வழக்கமான டயலாக்கை எடுத்து விடறாரா? நிறுத்தச் சொல்லுங்க. கால் கிலோ காய், ரெண்டு வகை மாவு, ஒரு வாணலி. இது போதும் பாஸ், கல்யாண வீட்டுப் பந்தி ரேஞ்சுக்குப் போயிடலாம்!

முதல்ல மேட்டர் இதுதான்: மொறுமொறுப்புக்கு வில்லன் தண்ணி. எண்ணெயில காயைப் போட்டதும் குமிழ் குமிழா பொங்குதே, அது எண்ணெய் கொதிக்கிறது இல்ல. தண்ணி 100 டிகிரியிலேயே ஆவியாகிடும். எண்ணெயோ 170, 180 டிகிரியில இருக்கும். காய்க்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி ஓடுறதுதான் அந்தக் குமிழ். சலசலப்பு அடங்கிடுச்சா? எடுக்கலாம்னு சிக்னல்!

வாணலி நிறைய காயைக் கொட்டுனா எண்ணெயோட சூடு சட்டுனு இறங்கி, எல்லாம் சொதசொதன்னு ஆயிடும். கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. சூடு பார்க்க, ஒரு சிட்டிகை மாவு போடுங்க. உடனே மேல எழும்பி வந்தா சரியான பதம். புகை வந்தா ஓவர் சூடு.

வெண்டைக்காய்: கழுவி, துணியால நல்லா துடைச்ச பிறகுதான் நறுக்கணும். இல்லேன்னா வழவழதான். கால் கிலோவுக்கு ரெண்டு ஸ்பூன் கடலை மாவு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள். தண்ணி வேண்டாம், காயோட ஈரமே போதும். உப்பைக் கடைசியில போடுங்க. முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும்.

காலிஃபிளவர்: உப்பு, மஞ்சள் போட்ட சுடுதண்ணியில ரெண்டு நிமிஷம். புழு இருந்தா வெளியே வந்துடும். வடிச்சு, நல்லா ஆற விட்டு, சோள மாவு, அரிசி மாவு, இஞ்சி பூண்டு விழுதுல பிசிறி, ரெண்டு தடவை பொரிச்சா, 65 ரெடி!

உருளைக்கிழங்கு: நறுக்கி அரை மணி நேரம் தண்ணியில போட்டா மேலிருக்கிற மாவும் சர்க்கரையும் கழண்டுடும். துடைச்சுட்டுப் பொரிங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச கிழங்குல சர்க்கரை ஏறிடும், சீக்கிரம் கருகும். பொன்னிறத்துலயே எடுத்துடணும். ரொம்ப சிவந்தா 'அக்ரிலமைடு' அதிகமாகும். உடம்புக்கு ஆகாத இந்தச் சமாசாரம் பொரிச்ச உணவுல இருக்குன்னு 2002-ல ஸ்வீடன்லதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க.

இப்ப கொஞ்சம் சீரியஸ். எண்ணெயில தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. தண்ணி எண்ணெயைவிட கனம்; அடியில போய் நொடியில ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல விரியும். எரியற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். கேஸை அணைங்க, மூடியால மூடுங்க, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க. வாணலியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. அதனால மூடி எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். செல்போனை நோண்டிக்கிட்டே பொரிக்கிறது, வாணலி விளிம்பு வரைக்கும் எண்ணெய் ஊத்துறது... ரெண்டுமே நோ!

மிச்ச எண்ணெய்? வடிகட்டி வெச்சு ரெண்டு மூணு நாள்ல தாளிப்புக்கு முடிச்சிடுங்க. திரும்பத் திரும்பப் பொரிச்சா கெடுதல் சேரும். கடைகளுக்கே இதுக்கு லிமிட் உண்டு. 2018 ஜூலையிலிருந்து, கெட்டுப்போன 'போலார்' பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டுன எண்ணெயை உபயோகிக்கக் கூடாதுன்னு சட்டம். நமக்கு மெஷின் எதுக்கு? கருத்து, நுரைச்சு, வாடை அடிச்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனா சிங்க்ல ஊத்தாதீங்க, அடைச்சுக்கும். ஹவுஸ் ஓனர் கிட்ட பாட்டு வேற கேக்கணும்!

ஒரே ஒரு ஆபத்துக்குத்தான் எங்ககிட்ட மருந்து இல்ல. வாசனை பிடிச்சு பக்கத்து ரூம் பார்ட்டிங்க தட்டோட வந்து நிப்பாங்க. கால் கிலோவை அரைக் கிலோவா வாங்கிடுங்க பாஸ்!