புதுசா, பழசா? முதல் கார் வாங்கப் போறவங்களுக்கு ஒரு கணக்கு

ஃபைனல் இயர் மக்களே, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாச்சு. ஹாஸ்டல்ல பேச்சு பைக்கிலிருந்து காருக்கு மாறியாச்சு. வீட்டில் சொல்லிப் பாருங்க, உடனே ரெண்டு கட்சி உருவாகும். அப்பா சொல்வார்: "பழைய வண்டி வாங்குறது அடுத்தவன் தலைவலியை காசு கொடுத்து வாங்குற மாதிரி." மாமா சொல்வார்: "புது வண்டி ஷோரூம் கேட்டைத் தாண்டின உடனே ஒரு லட்சம் போச்சு."

ரெண்டு பேரும் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். நாம இன்ஜினியரிங் படிச்சவங்க, கணக்குக்குப் பயப்படலாமா? வாங்க, போட்டுப் பார்ப்போம்.

முதல்ல, எது சின்ன கார்?

நம்ம நாட்டில் சின்ன கார் என்பதை அளவுநாடா தான் தீர்மானிக்குது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்கணும். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், டியாகோ, க்விட், கிராண்ட் ஐ10 எல்லாம் இந்த வேலிக்குள் வருபவை. டிசையர் மாதிரி செடான்களின் டிக்கி வெட்டின மாதிரி குட்டையாக இருப்பதற்கும் இந்த 4 மீட்டர்தான் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தது. புது கார் விலை இறங்கியதால் பழைய கார் விலையும் கொஞ்சம் இறங்கத்தான் வேணும். "ரெண்டு வருஷம் முன்னாடி புதுசே இவ்ளோ சார்" என்று புரோக்கர் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால், இன்றைய பட்டியலை நீங்க காட்டுங்க.

இன்னொன்று. விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை, நீங்க கட்டுவது ஆன்ரோடு விலை. தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் மட்டும் 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். புது காருக்கு மூணு வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டையும் மொத்தமாகக் கட்டணும். ரெண்டு காரை ஒப்பிடும்போது எப்பவும் ஆன்ரோடு விலையையே எடுங்க.

ஐந்து வருஷக் கணக்கு

மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டுறீங்க என்று வைத்துக்கொள்வோம். வார இறுதியில் ஊருக்கு ஒரு தடவை, மழை நாளில் ஆபீஸ், அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் 36,000 கிலோமீட்டர். கையில் 1.5 லட்சம் இருக்கு, மீதி கடன். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள். உங்க வண்டிக்கு உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

புது கார்: ஆன்ரோடு 6.5 லட்சம்
– ஐந்து வருஷம் கழித்து 3 லட்சத்துக்கு விற்றால் மதிப்பிழப்பு: 3.50 லட்சம்
– 5 லட்சம் கடன், 9 சதவீதம், 60 மாதம், வட்டி: 1.23 லட்சம்
– அடுத்தடுத்த வருஷ இன்ஷூரன்ஸ்: 0.70 லட்சம்
– சர்வீஸ்: 0.40 லட்சம்
– பெட்ரோல் (லிட்டருக்கு 18 கி.மீ, 100 ரூபாய்): 2.00 லட்சம்
மொத்தம்: 7.83 லட்சம்

பழைய கார்: ஐந்து வருஷம் ஓடியது, 3.25 லட்சம்
– ஐந்து வருஷம் கழித்து 1.5 லட்சத்துக்கு விற்றால் மதிப்பிழப்பு: 1.75 லட்சம்
– 1.75 லட்சம் கடன், 13 சதவீதம், 60 மாதம், வட்டி: 0.64 லட்சம்
– இன்ஷூரன்ஸ்: 0.60 லட்சம்
– சர்வீஸ், டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன்: 1.00 லட்சம்
– பெட்ரோல்: 2.00 லட்சம்
மொத்தம்: 5.99 லட்சம்

இதில் மூணு விஷயம் கவனிங்க.

ஒன்று, நாம முதலில் கேட்கும் கேள்வி "மைலேஜ் எவ்ளோ?" ஆனா புது காரில் பெரிய செலவு பெட்ரோல் இல்லை, மதிப்பிழப்பு. 18-க்குப் பதில் 22 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை எடுத்தாலும் ஐந்து வருஷத்தில் மிச்சம் சுமார் 36,000 ரூபாய், மாசம் 600. அந்த 600-க்காக ஒரு லட்சம் கூடுதல் விலை கொடுப்பது நஷ்டம். தினமும் 60 கிலோமீட்டர் ஓடுபவருக்குக் கணக்கு வேற. அவர் மைலேஜ் பார்க்கத்தான் வேணும்.

ரெண்டு, ஷோரூமில் காட்டுவது இ.எம்.ஐ மட்டும். இங்கே அது சுமார் 10,380. ஆனா 7.83 லட்சத்தை 60 மாசத்தால் வகுத்தால் 13,050. முதல் சம்பளம் கையில் 30,000 வருது, வாடகை இருக்கு, எஜுகேஷன் லோன் இருக்கு என்றால் இந்த எண் உறுத்தணும். பழைய காருக்கும் மாசம் சுமார் 10,000 வருது. கிலோமீட்டருக்குப் புதுசு 22 ரூபாய், பழசு 17 ரூபாய் என்று வைத்துக்கோங்க. கால் டாக்சி கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. மாசம் 200 கிலோமீட்டர்கூட ஓடாதவருக்கு நேர்மையான பதில், "இப்போ கார் வேண்டாம்."

மூணு, ரெண்டுக்கும் வித்தியாசம் 1.84 லட்சம். மாமா கட்சி ஜெயித்த மாதிரி தெரியும். அவசரப்படாதீங்க. அந்த 1.84 லட்சம் சும்மா கிடைக்கிற லாபம் இல்லை. வண்டியைச் சோதித்து, பேப்பர் பார்த்து, அலைந்து வாங்குவதற்கான கூலி. அந்த வேலையைச் செய்யாமல் வாங்கினால், மறைந்திருக்கும் ஒரே ஒரு இன்ஜின் வேலையோ வெள்ளத்தில் மூழ்கின வயரிங்கோ மொத்தத்தையும் முழுங்கிடும். அப்போ அப்பா சொன்னதுதான் சரி.

கடனில் ஒரு கண்ணி

பழைய கார் கடனில் "10 பர்சென்ட் தான் சார்" என்றால், ஃபிளாட்டா, ரெடியூசிங்கா என்று கேளுங்க. 3 லட்சம், ஐந்து வருஷம், 10 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 1.5 லட்சம், இ.எம்.ஐ 7,500. அதே 10 சதவீதம் குறையும் அசலுக்குப் போட்டால் இ.எம்.ஐ சுமார் 6,374, வட்டி 82,000 ரூபாய்தான். ஃபிளாட் 10 என்பது உண்மையில் 17 சதவீதத்துக்கு மேல். எக்ஸெல்லில் ரேட் ஃபங்ஷனைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரியும்.

இதில் மட்டும் பேரம் வேண்டாம்

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலமான சின்ன கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஜீரோ ஸ்டார். அதில் ஒன்றான போலோவில் ரெண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதினபோது நாலு ஸ்டார். வேறு சில கார்களின் உடற்கூடே மடங்கியதால், ஏர்பேக் வைத்தாலும் பயனில்லை என்றார்கள்.

பழைய காரின் வருஷம் விலையை மட்டும் சொல்வதில்லை. 2019 ஏப்ரல் முதல் எல்லா புது கார்களிலும் ஏ.பி.எஸ் கட்டாயம். அதே வருஷம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக். 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக். அதனால் 2022-க்குப் பிறகு தயாரான வண்டி கிடைத்தால் கண்ணை மூடி... இல்லை, கண்ணைத் திறந்தே முன்னுரிமை கொடுங்க. அதற்கு முந்தையது என்றால் ஏர்பேக் இருக்கும் வேரியன்ட்டா என்று நேரில் பார்த்து உறுதி பண்ணுங்க. ஸ்டார் மதிப்பீடு சோதித்த மாடலுக்கும் வருஷத்துக்கும் மட்டும்தான் பொருந்தும். பேர் ஒன்றாக இருந்தாலும் பழைய தலைமுறை வண்டிக்கு அது செல்லாது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியாச்சு, புது கார் வாங்குபவர்கள் அதையும் பாருங்க.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

"டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்." இந்த மூணு வார்த்தையையும் வாசலிலேயே விட்டுட்டுப் போங்க. பகல் வெளிச்சத்தில் போங்க. "வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஆறின இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். சைலென்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கலைன்னா கூலன்ட் உள்ளே போகுது. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகப்படுங்க.

பாடியில் காந்தத்தை ஒட்டிப் பாருங்க. ஒட்டாத இடத்தில் தடிமனாகப் பட்டி பார்த்திருக்காங்க. கதவு ரப்பரை விலக்கினால் கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராகத் தெரியும். ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லைன்னா டிங்கரிங் நடந்திருக்கு. பானட், ஃபென்டர் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ கழட்டியிருக்காங்க. பம்பர் கீறல் பிரச்சினை இல்லை. சேசிஸ் வளைந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துடுங்க.

சென்னை வண்டியா? 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டையும் ஞாபகம் வைங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசி அடியில் சேற்றுக் கறை இருக்கா? சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, மேட்டுக்குக் கீழே ஈர வாடை? மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இந்த இடங்கள் உண்மையைச் சொல்லிடும்.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீங்க, அதைத் திருப்புவது சுலபம். வண்டி நம்பரை வைத்து அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டு கேளுங்க. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். "30,000 கிலோமீட்டர்தான் ஓடியது" என்று சொல்லும் வண்டியில் எல்லா டயரும் வண்டியை விட ரொம்பப் புதுசா இருந்தால் காரணம் கேளுங்க.

நமக்கே உரிய ஆயுதம் ஒன்று உண்டு. சின்ன ஓ.பி.டி புளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி மொபைலில் பார்க்கலாம். ஃபால்ட் கோடு ஒன்றுமே இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க. ரெடினெஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்க. பாதிக்கு மேல் முடிவடையாமல் இருந்தால், கோடுகளைச் சமீபத்தில் அழிச்சிருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். நாலு நாள் ஓடட்டும், மறுபடி வர்றேன்னு சொல்லிட்டு வாங்க. கடைசியில் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத உங்க மெக்கானிக் ஒருத்தர் ஒரு தடவை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கணும். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

பேப்பர்: இங்கேதான் பலரும் வழுக்குவது

பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டு ஓனர் வரிசை எண், இன்ஷூரன்ஸ், கடன் இருக்கா என்று பாருங்க. நிலுவை சலான் தனியாகப் பாருங்க. ஆர்.சி.யில் பேங்க் பேர் இருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேணும், அதுதான் எச்.பி. கேன்சல். பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்க பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். விற்பவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடதுதான், வண்டியோடு வராது.

"பேர் மாத்துறது அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று சொன்னால் சம்மதிக்காதீங்க. உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு: ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது கை மாறி மாறிப் போனது, ஆர்.சி.யில் மட்டும் பேர் மாறவே இல்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருப்பவர் என்றது. ரெண்டு வருஷம் முன்பே சாவியைக் கொடுத்தவர் அவர். இன்று நீங்க வாங்குறவர், நாளைக்கு நீங்களே விற்பவர். ரெண்டு பக்கமும் இது உங்களுக்குப் பொருந்தும்.

அப்போ என்ன வாங்கலாம்?

தினமும் நிறைய ஓடணும், பத்து வருஷம் வச்சுக்குவேன், வண்டி பார்க்கத் தெரிந்தவர் கூட யாரும் இல்லை என்றால் புது காரின் அடிப்படை மாடல் போதும். அலாய் வீல், பெரிய திரைக்காக மேல் வேரியன்ட்டுக்குத் தாவாதீங்க.

ஓட்டம் கம்மி, இப்போதான் ஓட்டப் பழகுறேன், ரெண்டு மூணு வாரம் அலையத் தயார் என்றால் மூணு முதல் ஐந்து வருஷப் பழைய கார். பெரிய மதிப்பிழப்பை முதல் ஓனர் ஏற்கனவே ஏத்துக்கிட்டார். பட்ஜெட்டை முழுசா வண்டியில் போடாமல் 40,000 ரூபாயைத் தனியா வைங்க. வாங்கின முதல் ஆறு மாசத்தில் டயரோ பேட்டரியோ அதைக் கேட்கும்.

அலையவும் நேரமில்லை, புதுசுக்கும் காசில்லை என்றால் பைக்கும் பஸ்ஸும் இருக்கவே இருக்கு. அடுத்த வருஷ இன்க்ரிமென்ட் வரட்டும். அதுவரை வீட்டில் யார் கட்சியிலும் சேராதீங்க. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி, அப்பாவையும் மாமாவையும் உட்கார வைத்துக் காட்டுங்க.