தொலைபேசியில் இரைச்சலா? முதலில் நம் கடையைப் பார்ப்போம்



திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் கடைக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் தொலைபேசியில் ஆறு மூட்டை பருப்புக்கு ஆர்டர் சொன்னார். 'ஙொய்' என்ற இரைச்சலில் கணக்கர் காதில் விழுந்தது நூறு மூட்டை! வண்டியில் ஏற்றுமுன் திரும்பக் கேட்டதால் தப்பினோம்.

வெளியே குறை தேடினோம். குறையோ கடைக்குள் இருந்தது. இடத்தை மிச்சப்படுத்த, மின் ஒயரும் தொலைபேசி ஒயரும் ஒரே பைப்பில் ஓடிக்கொண்டிருந்தன.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் திசை மாறி மாறி ஓடுவது. அதனால் ஒயரைச் சுற்றி மாறும் காந்தப்புலம் எழுகிறது. பக்கத்தில் இணையாகச் செல்லும் தொலைபேசி ஒயரில் அது சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. நெருக்கமும் நீளமும் கூடக்கூட இரைச்சலும் கூடும்.

இதற்கு வழி கண்டவர் கிரகாம் பெல். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கும் முறைக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். முறுக்கிய கம்பிகள் இரண்டிலும் தூண்டல் சமமாக விழுவதால், ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடும். ஈரம் பட்ட இணைப்போ, முறுக்கில்லாத தட்டை ஒயரோ இருந்தால் அந்தச் சமநிலை கெடும்.

பெரிய மின்பாதைகளைக் கவனிக்க மின் - தொலைத்தொடர்பு ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 160ஆம் பிரிவோ, தொலைபேசித் தடத்தைப் பாதிக்காதபடி மின்கம்பி அமைக்கும் பொறுப்பை மின்சாரம் பயன்படுத்துவோருக்கும் சேர்த்தே விதிக்கிறது. அதாவது, நமக்கும்தான்!

செம்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

1. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாதாரண தொலைபேசியில் கேளுங்கள். இணைப்பகமே மின்சாரம் தருவதால் அது வேலை செய்யும். இரைச்சல் நின்றால் குறை பெரும்பாலும் கடைக்குள்தான்.

2. இரு ஒயர்களையும் தனித்தனிப் பைப்பில், விலக்கி ஓட்டுங்கள். குறுக்கிட நேர்ந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

3. டியூப்லைட் சோக், ஸ்டெபிலைசர் அருகே தொலைபேசியையும் மோடத்தையும் வைக்காதீர்கள்.

4. தெருவில் அறுந்த மின்கம்பி தொலைபேசிக் கம்பியில் பட்டிருந்தால் எதையும் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அது இரைச்சல் அல்ல, உயிராபத்து.

கண்ணாடி இழை இணைப்பில் செய்தி ஒளியாகச் செல்வதால், அந்த இழையில் இந்தத் தூண்டல் தொல்லை இல்லை.

புதிய பைப்பின் செலவு, தவறாக ஏற்றிய ஒரு லோடின் வண்டி வாடகைக்குக்கூட ஈடாகாது. அதுவரை, தொலைபேசியில் வரும் ஆர்டரைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.