சாயம் போனால் நம்பிக்கையும் போகும்

ஒட்டுப் போர்வை தைக்கும் ஒரு சகோதரிக்கு முன்பொருமுறை கடும் சிவப்புப் பருத்தித் துணி விற்றேன். முதல் கழுவலிலேயே சாயம் இறங்கி, வெள்ளைத் துண்டுகளெல்லாம் பாழாகின. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவரின் உழைப்பை எப்படிக் கொடுப்பது?

நூலில் பிடிக்காமல் மிஞ்சிய சாயமே இவ்வாறு இறங்குகிறது. கடும் சிவப்பு, கருநீலம், கறுப்பில் இது அதிகம். உப்பும் வினாகிரியும் இதை நிறுத்தா. தைக்குமுன் துணியைத் தனியாகச் சுடுநீரில் சவர்க்காரமிட்டு, நீர் தெளியும்வரை அலச வேண்டும்.

புடவை வியாபாரிகளே! றோல் வந்ததும் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், விற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை தவறலாம். ஆனால் குறையை மறைத்த வியாபாரத்தில் பரக்கத் இராது.