பினாங்கு மலிவுதான், ஆனா யாருக்கு?

ரிமோட் வேலையோட பினாங்குல தங்க மாசம் எவ்வளவு ஆகும்னு கேக்குறீங்க. நான் கணக்கை வாடகையில தொடங்க மாட்டேன், விசாவில தொடங்குவேன். மலேசியாவோட 'டிஇ ரந்தாவ்' பாஸுக்கு, ஐடி வேலைன்னா வருஷ வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல காட்டணும். முதல்ல 12 மாசம் வரைதான் கிடைக்கும்.

அடுத்தது கரண்ட் பில். வருஷம் முழுக்க வெக்கை. ஏசி நாள்பூரா ஓடினா வாடகையில மிச்சம் பிடிச்சது அதுல போயிடும். அங்காடிக் கடைச் சாப்பாடு மலிவுதான்.

ஆனா அங்க குறைந்தபட்சச் சம்பளமே மாசம் 1,700 ரிங்கிட். டாலர்ல மாத்திப் பாத்து, கேட்ட வாடகையை அப்படியே கொடுத்துடாதீங்க. அக்கம்பக்கத்துல என்ன வாடகைன்னு விசாரிங்க. நாம கூடக் கொடுத்தா, அந்தச் சம்பளத்துல இருக்கறவங்க வாடகையும் சேர்ந்து ஏறும்.