பால் பல்லும் பல் மருத்துவரும்

குழந்தைக்கு முதல் பல் முளைத்துவிட்டால் நம் வீடுகளில் அது ஒரு சிறு விழா. பல்கொழுக்கட்டை செய்து, குழந்தையைக் கூடத்தில் உட்காரவைத்து, தலைமேல் கொட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுத்து மகிழ்வது தமிழகத்தின் பல பகுதிகளில் இன்றும் உள்ள வழக்கம். ஆறேழு ஆண்டுகள் கழித்து அந்தப் பல் விழும்போதும் ஒரு சடங்கு உண்டு. சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். முளைப்பதற்கும் விழுவதற்கும் சடங்கு வைத்த நாம், இடைப்பட்ட காலத்தில் அந்தப் பல் நலமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எந்த வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

ஓர் இரவு குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறும்போதுதான் பல் மருத்துவரின் நினைவு வருகிறது. மறுநாள் காலை, தூக்கமும் இன்றி, உணவும் இன்றி, வீங்கிய கன்னத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அறியாத இடம், அறியாத மனிதர், புதிய வாசனை, ஊசி, வலி. இவையே அக்குழந்தையின் முதல் அனுபவமாக மனத்தில் பதிந்துவிடுகின்றன. பின்னாளில் இருபது வயதிலும் நாற்பது வயதிலும் பல் மருத்துவமனைப் படி ஏறத் தயங்கும் பலரது அச்சத்திற்கு இத்தகைய ஒரு காலைப் பொழுதே வித்தாக அமைந்திருக்கும். ஆகவே, முதல் பயணம் வலி இல்லாத நாளில் நடைபெற வேண்டும் என்பதையே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

விழப்போகும் பல்தானே?

"பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது, அதற்கு எதற்கு வைத்தியம்?" என்று கேட்பவர்கள் படித்தவர்களிடையிலும் உண்டு. கேள்வி நியாயமானதுபோல் தோன்றினாலும், உண்மை வேறு.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 8, கோரைப் பற்கள் 4, கடைவாய்ப் பற்கள் 8. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ்வரிசை முன்பற்கள் முதலில் தோன்றும். இரண்டரை அல்லது மூன்று வயதுக்குள் இருபதும் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்குவது உண்மையே. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அத்தனை ஆண்டுகள் குழந்தை மெல்லுவது அவற்றால்தான்.

அவற்றிற்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் வரப்போகும் நிலைப் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைத்திருக்கின்றன. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாம் அறிவோம். துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து அமர்ந்துவிடுவார் அல்லவா? அதுபோல, ஐந்து வயதில் பால் கடைவாய்ப் பல்லைச் சொத்தைக்குப் பறிகொடுத்தால், பின்னாலுள்ள பல் முன்னே நகர்ந்துவிடுகிறது. உரிய பல் முளைக்கும்போது இடமின்றி வரிசை மாறி வருகிறது. பல்வரிசை கோணலாவதற்குப் பரம்பரை ஒரு காரணமென்றால், இவ்வாறு இடம் பறிபோவதும் ஒரு காரணம்.

மேலும், ஆறாவது வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு புதிய கடைவாய்ப் பல் தோன்றுகிறது. எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப் பல். 'விழப்போகும் பல்தானே' என்ற எண்ணத்தால் அப்பல்லைப் பத்து வயதுக்குள் இழந்துவிடும் பிள்ளைகள் உண்டு. போன அந்தப் பல் மீண்டும் முளைக்காது.

பூச்சியா, கிருமியா?

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று இன்றும் சொல்கிறோம். பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்ற நம்பிக்கை பண்டைய பாபிலோனிலேயே இருந்தது. நம் நாட்டில் கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு அப்புகையைப் பல்லில் பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் வைத்தியம் இருந்தது. பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தமது நூலில், பல்லில் தாம் புழு எதையும் காணவில்லை என்று கூறி இந்நம்பிக்கையை மறுத்தார். சொத்தையின் உண்மையான வழியை, பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கர் 1890-இல் விளக்கினார்.

அவர் விளக்கியது இதுதான். வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பால் பல்லின் எனாமல் மெல்லியது; ஆதலால் சொத்தை விரைவில் உள்ளே சென்று நரம்பை எட்டிவிடுகிறது.

ஒரு முறை இனிப்பு உண்டால் இந்த அமிலத்தின் வேகம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடிக்கும். பிறகு உமிழ்நீர் அதைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைப் பல்லுக்கு மீட்டுத் தருகிறது. எனவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பது வேறு. கமர்கட்டையும் தேன்மிட்டாயையும் மாலை முழுவதும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பது வேறு. நவராத்திரியில் மயிலாப்பூர் மாட வீதி வீடுகளுக்குக் கொலு பார்க்கச் செல்லும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும் வழக்கம், பல்லைப் பொறுத்தவரை மிகவும் நல்ல வழக்கம்.

எல்லாவற்றிலும் கொடியது, சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால், இரவெல்லாம் பல் இனிப்பில் ஊறுகிறது. மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்கோடு தோன்றுவதே இதன் முதல் அறிகுறி. மாதம் ஒரு முறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். வெண்கோடாக இருக்கும்போதே கண்டுகொண்டால் பல்லைக் குடையாமலே தடுத்துவிடலாம். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் வேலை பெரிதாகிவிடும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரு வயதுக் குழந்தைக்குப் பல் மருத்துவரைப் பற்றி எந்த அச்சமும் கிடையாது. அதை ஊட்டுபவர்கள் நாமே. "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுகிறோம். தாத்தா தமக்குப் பல் பிடுங்கிய கதையைக் குழந்தையின் காதுபடவே சொல்கிறார்.

தாத்தா பொய் சொல்லவில்லை. வலியில்லாமல் பல் எடுப்பதே மனித வரலாற்றில் மிக அண்மைக் காலத்துச் செய்தி. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், 'சிரிப்பு வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்துப் பார்த்தார். இன்று ஈறில் போடப்படும் மரப்பு ஊசியின் மருந்தாகிய லிக்னோகெய்ன் ஸ்வீடன் நாட்டில் உருவானது 1943-இல்தான். காற்றின் விசையால் அதிவேகமாகச் சுழலும் துளைக்கருவி வந்தது 1957-இல். அதற்கு முன் மெதுவாகச் சுழன்று தலையையே அதிரவைத்த கருவிகளில் சிகிச்சை பெற்றவர்கள், தாங்கள் பட்டதைத் தம் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். கருவி மாறியது, மருந்து மாறியது, கதை மட்டும் மாறவில்லை.

முதல் பயணம் எப்போது, எப்படி?

முதல் பல் தோன்றிய ஆறு மாதத்திற்குள், அல்லது முதல் பிறந்த நாளுக்குள், ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவ அறிஞர்களின் அறிவுரை. பல்கொழுக்கட்டை செய்த நாளை நினைவில் வைத்துக்கொண்டால் இதுவும் மறக்காது. அந்த வயது கடந்துவிட்டதென்றால், வலி வருவதற்கு முன் எந்த நாளும் நல்ல நாளே.

குழந்தை தூங்கி எழுந்து, அளவாக உண்டு, உற்சாகமாக இருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். "ஒன்றும் செய்யமாட்டார், வலிக்கவே வலிக்காது" என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. வலி என்ற சொல்லையே அப்போதுதான் குழந்தை கேட்கிறது. "டாக்டர் மாமா உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும். கடற்கரைக்கு என்று பொய் சொல்லி அழைத்துச் செல்வதும் கூடாது. ஏமாந்த குழந்தை மறுமுறை நம்மையும் நம்பாது, மருத்துவரையும் நம்பாது. அழாமல் இருந்தால் சாக்லேட் வாங்கித் தருவதாகச் சொல்வதில் உள்ள முரண்பாட்டை விளக்கவும் வேண்டுமோ?

உடன் செல்பவரைப் பொறுத்தே குழந்தையின் மனநிலை அமையும். வீட்டில் எவருக்குப் பல் மருத்துவரிடம் அச்சம் இல்லையோ, அவரே குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். தாய்க்கோ தந்தைக்கோ நடுக்கம் இருந்தால், கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் சிகிச்சைக்கு இசைவு தரப் பெற்றோரில் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

உள்ளே என்ன நடக்கும்? சிறு குழந்தையாயின் பெரிய நாற்காலியில் படுக்கவைக்க மாட்டார்கள். தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே அமர்வார்கள். தாயைப் பார்த்தபடி மடியில் இருக்கும் குழந்தையை மெல்லப் பின்புறம் சாய்த்தால் அதன் தலை மருத்துவரின் மடியில் தங்கும். குழந்தைக்குத் தாயின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். சிறு கண்ணாடியால் பற்களைப் பார்த்து எண்ணுவார். குழந்தை அழுதால் பதற வேண்டியதில்லை. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும், வேலையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் 'சொல், காட்டு, செய்' என்ற முறையைக் கையாள்கிறார்கள். அடெல்ஸ்டன் என்பவர் 1959-இல் வகுத்துரைத்த முறை இது. செய்யப் போவதைக் குழந்தைக்குப் புரியும் சொற்களில் முதலில் சொல்வது. கருவியைக் கையிலோ நகத்தின் மீதோ வைத்துக் காட்டுவது. பின்னர் சொன்னதை மட்டும் செய்வது. நல்லாசிரியர் ஒருவர் பாடம் நடத்தும் முறையும் இதுதானே!

சொத்தை தொடங்கியிருந்தாலும் உடனே துளைக்கருவியை எடுப்பதில்லை. ஃபுளோரைடு பூச்சினால் பல்லை உறுதிப்படுத்தலாம். சில்வர் டைஅமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தலாம். சொத்தைப் பகுதி கறுத்துப்போகும் என்பதே அதன் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. பல்லை எடுத்தே தீரவேண்டிய நிலையிலும், அந்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எங்கே செல்வது?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு தெருக்களில் பல் மருத்துவமனைப் பலகைகளுக்குக் குறைவில்லை. தனியார் கட்டணம் எட்டாது என்று தயங்கும் குடும்பங்கள் நம் கல்லூரியில் பயிலும் மாணவர்களிடையே பல உண்டு. அவர்கள் அறிய வேண்டிய இடம் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கிப் பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது. கோட்டை ரயில் நிலையத்தின் அருகில் இருக்கிறது. திருமயிலை நிலையத்திலோ, அடையாற்றுக்காரர்கள் கஸ்தூரிபா நகர் நிலையத்திலோ பறக்கும் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கலாம். தியாகராய நகரிலிருந்து செல்வோருக்கு மாம்பலத்தில் புறநகர் மின்ரயில் இருக்கிறது. குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவும் அங்கு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே சென்று புறநோயாளர் சீட்டு வாங்கிவிட வேண்டும். காத்திருக்கும் நேரத்திற்கென ஒரு படப்புத்தகமும் தண்ணீரும் எடுத்துச் செல்வது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றிய நம் முன்னோர், பல் துலக்குவதைக் காலைக் கடனாக வைத்தார்கள். இக்காலத்தில் அதனினும் முக்கியம் இரவில் துலக்குவது. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே மென்மையான சிறு பிரஷ் கொண்டு துலக்கிவிட வேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசை மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் பிதுக்குவது குழந்தைக்கு ஆகாது. ஏழெட்டு வயது வரை பிரஷைக் குழந்தை பிடித்தாலும், முடித்துவைப்பது பெரியவர் கையாக இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் தம்பி தங்கையரோ, அக்காள் அண்ணன் பிள்ளைகளோ இருக்கிறார்கள். ஆசிரியப் பெருமக்கள் பலரது இல்லங்களிலும் மழலைகள் உண்டு. அடுத்த விடுமுறை நாளில் அக்குழந்தையை அருகே அழைத்து, சிரிக்கச் சொல்லி, மேலுதட்டைச் சற்றே தூக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தாலும் சரி, ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி, பல் வலிக்காத ஒரு காலையில் அதன் கையைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் சென்று வாருங்கள். அப்படிச் சென்று வந்த குழந்தை, வளர்ந்த பின் தன் பிள்ளைக்குச் சொல்லும் கதையில் அச்சம் இருக்காது.